புல்லுக்கு இறைத்த நீர்

சித்திரை மாதத்து மாலை ஒன்று. தென்பாண்டிக் கடற்கரையில் ஒரு நகரப் பூங்காவின் சிமிண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர், எந்தப் பூங்கா என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தத் தோட்டக்காரருக்கு வீண் தொல்லை. அவர் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே தெருக் குழாயடியில் பச்சையும் நீலமும் மஞ்சளுமாக ஒரு வரிசைக் குடங்கள், தண்ணீர் வரும் நேரத்துக்காகக் காத்திருந்தன. குடங்களுக்குச் சொந்தக்காரிகள் பூங்காவின் கைப்பிடிச் சுவரில், மரத்தின் நிழல் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பேச்சுக்கு நடுவே ரப்பர் குழாயைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மனுஷியாப் பொறந்ததுக்கு அந்தப் புல்லாப் பொறந்திருக்கலாம் போல இருக்கு" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். தோட்டக்காரரும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

புறப்படும்போது தோட்டக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "இந்தப் பூவரச மரத்துக்குத் தண்ணீர் விடமாட்டீர்களா?"

"அதுக்கு எதுக்கு அண்ணாச்சி? அது தன்பாட்டுக்கு நிக்கும். புல்லு வாடினாத்தான் மேலேயிருந்து கேப்பாங்க."

யோசித்துப் பாருங்கள். அத்தனை பெண்களுக்கும் நிழல் கொடுத்த மரம் ஒரு சொட்டும் கேட்கவில்லை. யாருக்கும் நிழல் தராத, யாரும் மிதிக்கக் கூடாத புல்தான் தண்ணீர் அனைத்தையும் குடித்துக்கொண்டிருந்தது. நெல்லுக்கு இறைப்பது புல்லுக்கும் கசியும் என்று ஔவைப் பாட்டி ஒரு நியாயம் சொன்னாள். புல்லுக்கென்றே இறைப்போம் என்று அவள் எதிர்பார்த்திருக்கமாட்டாள்!

அன்றிரவு காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் கடற்கரை வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் நீராவது புல்தரை கேட்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் ஏறத்தாழ 1,350 குடம். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டமிடும் அதிகாரிகளின் கணக்குப்படி, 150 பேருடைய தண்ணீர். ஒரு ஏக்கர் புல், ஒரு நாளில்.

வேறொரு ஊரானால் இதை ஒரு கணக்காக எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரனுக்கு அது முடியாது. தண்ணீர் எப்படி வந்தது என்பது எங்கள் வீடுகளில் கதையாகச் சொல்லப்பட்ட சரித்திரம்.

தூத்துக்குடிக்கு முனிசிபாலிடி வந்தது 1866-ல். புகைவண்டி வந்தது 1876-ல். துறைமுகத்தில் பஞ்சும் உப்பும் ஏறின, வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கிட்டங்கிகள் எழும்பின, 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை இந்த ஊரில்தான் தொடங்கினார். இவ்வளவும் வந்த ஊருக்கு நல்ல தண்ணீர் வரவில்லை. முத்துக் குளிக்க ஆழ்கடலில் இறங்கிய ஊர், குடிநீருக்கு உவர்க் கிணறுகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. 1909-ல் முதன்முறையாக முனிசிபல் தலைவரான குரூஸ் பர்னாந்து இதற்கு ஒரு முடிவு காணாமல் விடுவதில்லை என்று நின்றார். தாகம் மிஞ்சிய காலத்தில் புகைவண்டியில் தண்ணீரை ஏற்றிக் கொண்டுவரச் செய்தார். கடைசியில் 1927-ல், சுமார் 25 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வல்லநாட்டிலிருந்து தாமிரவருணி குழாய் வழியே ஊருக்குள் வந்தது. அதன் பிறகு அந்த மனிதர் நெடுநாள் இருக்கவில்லை, 1930-ல் காலமானார். அவருக்கு ஊர் சிலை வைத்திருக்கிறது. கொடிக்கும் கட்சிக்கும் அப்பாற்பட்ட சிலை அது. தண்ணீருக்காக வைத்த சிலை.

என் ஆச்சிக்கு அப்போது பத்து வயது. குழாயில் தண்ணீர் வந்ததைப் பார்க்க ஊரே கூடி நின்றதாகச் சொல்வாள். குழாய் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பின்பும், நான் சிறுவனாக முகம் கழுவி முற்றத்தில் நீரை வீசினால், "ஏலே, கொட்டாதே! மல்லியப் பூ மூட்டுக்குப் போய் ஊத்து. தண்ணிய ரெண்டு தடவை வேலை வாங்கணும்" என்று அதட்டுவாள். அரிசி களைந்த நீர் முருங்கைக்கு. பாத்திரம் துலக்கிய நீர் வாழைக்கு. குளித்த நீர் கிணற்றடிக் கனகாம்பரத்துக்கு. வீட்டுக் கொல்லையில் புல்தரை என்று ஒன்று போடலாம் என்று யாராவது அவளிடம் சொல்லியிருந்தால், "மாடு எத்தனை கட்டியிருக்கீக?" என்று கேட்டிருப்பாள்.

அப்படியானால், வெட்டிய புல்தரையும் வட்டப் பாத்தியும் நம் பூங்காக்களுக்கு எங்கிருந்து வந்தன? உதகைக்குப் போனால் விடை கிடைக்கும். 1848-ல் வில்லியம் கிரகாம் மக்கைவர் என்ற தோட்டக்கலை நிபுணர் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து நீலகிரிக்கு வந்து, சதுப்பும் சரிவுமாகக் கிடந்த மலைப்பக்கத்தைத் தாவரவியல் பூங்காவாக ஆக்கினார். அழகான பூங்கா. 1896-ல் அங்கே புஷ்பக் கண்காட்சி தொடங்கியது. இன்றும் மே மாதத்தில் ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் மலை ஏறுகிறார்கள். குளிரும் மூடுபனியும் அடிக்கடி மழையும் உள்ள இடத்தில் புல்தரை பொருத்தமாகவே இருக்கிறது. உதகையின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. உதகையைக் கண்டு மயங்கி, அதைச் சமவெளியில் இறக்கி வைக்க முயன்ற நம்மீதுதான் குறை. பூங்கா என்றால் புல்தரை, புஷ்பக் கண்காட்சி என்றால் மே மாதம் என்று ஒரு எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. புல்தரைக்குப் பேர்போன இங்கிலாந்தில், லண்டன் நகரத்தில், ஒரு வருஷத்தில் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். தூத்துக்குடி ஜில்லாவின் சராசரி மழை ஏறத்தாழ 650. நம்முடையது ஒரு பிடி கூடுதல்! ஆனால் லண்டனில் அந்த மழை பன்னிரண்டு மாதமும் தூறிக்கொண்டே இருக்கிறது, வெயிலும் இளவெயில். மண் காய்வதற்குள் அடுத்த தூறல் வந்துவிடுகிறது. நமக்கோ ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து கொட்டிவிட்டுப் போனால், பிறகு அடுத்த ஐப்பசிவரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று பொதிகைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் வந்து புழுதியைக் கிளப்பும்.

அந்த வெயிலையும் காற்றையும் நம்பித்தான் எங்கள் ஊரில் உப்பளத் தொழிலே நடக்கிறது. கடல் நீரைப் பாத்தியில் தேக்கினால், வெயில் குடித்தது போக மிஞ்சுவது உப்பு. பூச்செடிக்கு வெட்டுவதையும் பாத்தி என்றுதான் சொல்கிறோம். உப்புப் பாத்தியைக் காயவைக்கிற வெயிலுக்குப் பூப்பாத்தி வேறு, புல்தரை வேறு என்று தெரியாது. உப்பு விளையும் ஊரில் புல்தரை வளர்ப்பது, அடுப்பில் ஏற்றிய சட்டியில் மீன் வளர்ப்பது போலத்தான்.

தமிழனுக்குத் தோட்டம் தெரியாதா என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். தெரிந்ததை மறந்தோம் என்பதுதான் வருத்தம். கோவில் நந்தவனத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கிணறு, ஒரு துலா, கிணற்றடியிலிருந்து பிரியும் வாய்க்கால், அதன் கரையில் நந்தியாவட்டை, அரளி, துளசி, பவழமல்லி. நீர் போகும் வழியில்தான் செடி. செடி இருக்கும் இடமெல்லாம் நீர் போகாது. இறைக்கிறவனுடைய தோள்வலிதான் தண்ணீருக்கு அளவுகோல். அந்த அளவுகோலை மின்சார மோட்டார் ஒடித்துப்போட்டது.

நந்தவனத்துக்கும் முந்தியது எங்கள் நெய்தல். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் திணை என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சங்கப் புலவர்கள் அந்தத் திணைக்குச் சொன்ன மரங்களையும் கொடிகளையும் பாருங்கள்: புன்னை, தாழை, ஞாழல், அடும்பு. காதலர் சந்திக்கும் இடத்துக்குப் புலவன் போட்ட காட்சி ஜோடனை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பிறகு ஒருநாள் கடற்கரை மணலில் அடும்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருப்பதைக் குனிந்து பார்த்தபோதுதான், இது கவிதை மட்டுமல்ல, ஒரு தோட்டக்காரனின் அட்டவணையும்கூட என்று பட்டது. உப்புக் காற்றைத் தாங்கும். மணலைப் பிடித்து நிறுத்தும். ஊற்ற ஆள் வேண்டாம். பூவரசும் அந்தக் குடும்பத்துக்கு ஏற்ற சம்பந்திதான். ஊருக்கு உள்ளே தள்ளி வந்தால் பொன்னாய்ப் பூக்கும் ஆவாரை. கரிசல் பக்கம் போனால் மஞ்சள் பூக்கும் நிலாவரை. மேனாட்டு மருந்துக் கடைகளில் 'திருநெல்வேலி சென்னா' என்று பெயர் வாங்கிய சரக்கு, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறிய சரக்கு. அதுவும் வறண்ட அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த செடிதான். வந்த இடத்தின் தண்ணீருக்குள் வாழத் தெரிந்ததால் சொந்தக்காரனாகிவிட்டது.

வந்த செடியெல்லாம் இப்படி இருப்பதில்லை. வறட்சியைத் தாங்கும், விறகாகும் என்று 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்துச் சீமைக் கருவேலத்தை இங்கே வரவழைத்தார்கள். தாங்கியது உண்மை. கண்மாயையும் ஓடையையும் தானே எடுத்துக்கொண்டு, மற்றச் செடிகளைத் தாங்கவிடாமல் செய்ததும் உண்மை. ஆகவே தண்ணீர் கேட்காத செடி எல்லாம் நல்ல செடி என்று சொல்லமாட்டேன். பக்கத்தில் உள்ளவனையும் வாழவிட வேண்டும்.

நம் ஆச்சிமார் கொல்லையில் செய்ததை மேனாட்டார் பெரிய பட்டணங்களுக்கே சாஸ்திரமாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டென்வர் என்ற வறண்ட நகரம். அங்கே 1981-ல் தண்ணீர் இலாகாவே முன்வந்து, உலர்ந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தத் தோட்டமுறைக்கு ஒரு பெயர் சூட்டியது. முறை எளிதானது. புல்தரையைக் குழந்தைகள் ஓடியாடும் இடத்தோடு நிறுத்து. அதிகம் குடிக்கும் செடிகளை ஒரு பக்கமாகவும், கொஞ்சமாகக் குடிப்பவற்றை ஒரு பக்கமாகவும் சேர்த்து வை. மண்ணுக்கு மக்கு உரம் கொடு. மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் சருகால் மூடு. வேருக்கு ஊற்று, இலைக்கு ஊற்றாதே. மாலையிலோ விடியற்காலையிலோ ஊற்று. மூடாக்குக்கு எங்கள் ஊரில் பனையோலைக்கும் தென்னை மட்டைக்கும் பஞ்சமா? வேருக்கு ஊற்றச் சுடுமண் பானையை மரக்கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், பானை தானாக வியர்த்து வியர்த்துக் கன்றுக்கு ஊட்டும். இது குயவனுக்கும் பிழைப்பு.

இதைவிட எனக்குப் பாடமாகத் தோன்றிய ஊர் ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்து மாகாணத்தில், மலைமுகட்டில் அமைந்த டுவூம்பா. தோட்ட நகரம் என்றே அதற்குப் பெயர். 1950 முதல் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் அங்கே மலர்த் திருவிழா நடக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய வறட்சி வந்து, அணைகள் வற்றின. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு சேர்க்கலாமா என்று 2006 ஜூலையில் ஊராரிடமே வாக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 62 பேர் போல வேண்டாம் என்றார்கள். பிறகு வேறோர் அணையிலிருந்து குழாய் போட்டு நீர் ஏற்றினார்கள். அடுத்த வேடிக்கையைக் கேளுங்கள். தண்ணீர் இல்லை என்று வாக்கெடுத்த அதே ஊரில், 2011 ஜனவரி 10-ம் தேதி பெய்த மழையில் நடுத்தெருவில் வெள்ளம் கார்களைப் புரட்டிக்கொண்டு போயிற்று.

அந்தச் செய்தி எங்கேயோ கடலுக்கு அப்பால் நடந்தது என்று இருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்களுக்கும் அது நடந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை! ஒன்றரை வருஷத்து மழை ஒரே நாளில். தூத்துக்குடி நகரம் நாள்கணக்கில் நீரில் நின்றது. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர், தண்ணீருக்குள் நின்றுகொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டது. அன்று காயல்பட்டினத்தில் ஒரு ஏக்கர் நிலத்தின் மேல் விழுந்த நீர் 38 லட்சம் லிட்டர். மழை நாட்களைக் கழித்து வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தாலும், நான் மேலே சொன்ன ஒரு ஏக்கர் புல்தரை ஒரு வருஷத்தில் குடிப்பது 60 லட்சம் லிட்டர். பாதிக்கு மேல் ஒரே நாளில் வானம் கொடுத்துவிட்டது. வாங்கி வைக்க நம்மிடம் பாத்திரம் இல்லை.

பூங்காவை நான் அழகுக்காக மட்டும் பார்க்காமல் போனது இதனால்தான். பட்டணத்தில் சிமிண்டு பூசாத மண் இன்று பூங்காவில்தான் மிச்சம். மழைநீர் சேகரிப்பை வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கி 2003-ல் சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. வீட்டுக்காரனுக்குச் சொன்னதைப் பூங்காவுக்கும் சொன்னால் என்ன? தெருவைவிடப் பூங்காவை ஒரு முழம் தாழ்வாக வைத்து, நடுவில் ஊருணி போல ஒரு பள்ளம் வெட்டி, கரையில் புன்னையும் பூவரசும் நட்டால், ஐப்பசியில் அது குளம்; தையில் அது பசுமை; சித்திரையில் அது நிழல். புல்தரையோ மழைக்காலத்தில் நீரை வழித்து விடுகிறது. கோடைக்காலத்தில் நீரைக் கேட்கிறது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

பூங்காவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. மாலையில் கடற்காற்று வாங்க வரும் சுமைதூக்கும் தொழிலாளிக்கும், ஒற்றை அறை வீட்டுக் குழந்தைக்கும் பூங்காதான் முற்றம். உப்பளத்தில் நாள் முழுதும் வெள்ளையையே பார்த்த கண்ணுக்குச் சிறிது பச்சை வேண்டாமா? நிச்சயம் வேண்டும். அந்தப் பச்சைக்கு வேறொரு பெண்ணின் குடம் விலையாகக் கூடாது என்பதுதான் என் வழக்கு.

புஷ்பக் கண்காட்சியும் வேண்டும். ஆனால் மே மாதத்தில் வேண்டாம். நம் பூக்காலம் எது என்று நம் வீட்டு வாசலுக்கே தெரியும். மார்கழியில் கோலம் போட்டு, சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைக்கிறார்களே, அதைவிடப் பெரிய புஷ்பக் கண்காட்சியை எந்த முனிசிபாலிடி நடத்தியிருக்கிறது? தெருத் தெருவாக, வாசல் வாசலாக, ஒரு மாதம். அதற்கென்று யாரும் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகச் சுமந்ததில்லை. மழை முடிந்து மண்ணில் ஈரம் நிற்கும் காலத்தில், தானாகப் பூத்ததைக் கொண்டு நடத்திய விழா அது.

ஆகவே தூத்துக்குடிக்கு ஒரு யோசனை சொல்கிறேன். தை மாதம் பொங்கல் கழிந்த ஒரு வாரத்தில், ராஜாஜி பூங்காவிலோ ரோச் பூங்காவிலோ ஒரு மலர் விழா வைக்கலாம். நெய்தலுக்கு ஒரு பகுதி, கரிசலுக்கு ஒரு பகுதி, தேரிக்கு ஒரு பகுதி, ஆச்சிமார் கொல்லைக்கு ஒரு பகுதி. ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் செடியின் பெயரை எழுதிய பலகையில், கூடவே ஒரு வரி: 'இந்தப் பாத்தி குடித்தது இத்தனை குடம்.' மிகக் குறைந்த குடத்தில் மிக அழகாகப் பூத்த பாத்திக்கு முதல் பரிசு. பரிசுக்குக் குரூஸ் பர்னாந்தின் பெயர் வைத்தால் பொருத்தமாக இருக்கும். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுவிட்ட ஊரில், நீர்முத்தின் அருமை தெரிந்தவர் அவர்.

நடுவராக யாரைப் போடுவது என்ற கேள்வி எழலாம். தோட்டக்கலை நிபுணர் ஒருவர் இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, அன்று கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாளே, அவளை அழைத்து வந்து உட்காரவையுங்கள். குடக் கணக்கில் அவள் ஏமாறமாட்டாள்.